கடைசி வரிசையில் ஒரு பச்சை

– ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்னு சொல்லுவாங்க டீச்சர். சும்மா கேமராவைக் குறை சொல்லாதீங்க.

– குறை சொல்லலைங்க சார். கரும்பலகைக்கு மேல அது உட்கார்ந்த நாள்லேர்ந்து நான் அதுக்குத்தான் கணக்கு நடத்திக்கிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம் கேக்க மாட்டேங்குது, தங்கமான பிள்ளை.

– இந்தக் கிண்டல்தான் வேண்டாங்கிறேன். இந்த டேப்லெட்டைப் பாருங்க. ஒரு முகத்துக்கு ஒரு புள்ளி. நேராப் பார்த்தா பச்சை, வேற பக்கம் திரும்பினா சிவப்பு. உங்க வகுப்பு எப்படி இருக்கு?

– தக்காளிக் கூடை மாதிரி இருக்குங்க சார்.

– ஒரு தாளாளரா இருந்துக்கிட்டு இதைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வகுப்பு வரலாறு சாரைப் பாருங்க. வயக்காடு மாதிரி ஒரே பச்சை!

– அவர் வகுப்புல பிள்ளைங்க கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கப் பழகிட்டாங்க. அதுவும் ஒரு டிஜிட்டல் திறமைதானே சார்.

– உங்க பிள்ளைங்க ஏன் திரும்புறாங்க? அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

– பின்னத்தை நான் சொன்னா புரியலை, பக்கத்துல இருக்கறவகிட்ட கேட்டா புரியுது. அதனால திரும்புறாங்க. நேத்து விகிதம் நடத்தினேன். ஜன்னல் வழியா விளக்குக் கம்பத்தோட நிழலைப் பார்க்கச் சொன்னேன். மொத்த வகுப்பும் ஒரேயடியா சிவந்திருக்குமே?

– சிவந்துச்சு. கேமரா கம்பெனிக்காரர் போன் பண்ணி, தீ ஏதும் பிடிச்சிருச்சான்னு கேட்டார்.

– பாவம், அக்கறையான மனுஷன்.

– பேசறவங்க முகத்தைப் பார்க்கணும் டீச்சர். முகத்தைப் பார்க்காதவங்ககிட்ட பேசறது எவ்வளவு கேவலம்னு உங்களுக்குத் தெரியாது. இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினாரே எங்கப்பா, நான் எதைச் சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலேர்ந்து ஒரு 'ம்'. பரிசு வாங்கிட்டு வந்தாலும் 'ம்', கல்யாணம்னு சொன்னாலும் 'ம்'. அவர் போய்ச் சேர்ற வரைக்கும் பேப்பரோட முதல் பக்கம்தான் எனக்கு அப்பா முகம்.

– அதுக்காகவா சார் கேமரா வாங்கினீங்க?

– பேச்சை மாத்தாதீங்க. முடிவு எடுத்தாச்சு. திங்கள்கிழமைலேர்ந்து உங்க வகுப்புக்கு வீடியோ பாடம். நீங்க பட்டனை அமுக்கிட்டு ஓரமா உட்கார்ந்துக்கலாம். அடுத்த வருஷம் அதுகூட வேண்டாம், தானா ஓடுமாம்.

– வீடியோவுல வர்ற அம்மாவுக்குக் கணக்கு தெரியுமா சார்?

– நல்லா சிரிப்பாங்க.

– ஒரு பிள்ளை கையைத் தூக்கினா?

– அந்த வசதி அடுத்த பதிப்புல வருது.

– தலை நரைக்கிற வரைக்கும் இந்த வகுப்புல நின்னேன் சார். கடைசியில பட்டன் அமுக்கவா? வலிக்குது. இதைக் கிண்டலாச் சொல்லலை.

– எனக்கு மட்டும் சந்தோஷமா? டேட்டா பேசுது, நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு, உங்க வகுப்புலயும் ஒரு நல்ல பிள்ளை இருக்கு. இதோ, கடைசி வரிசையில ஒரே ஒரு பச்சை. வருஷம் பூரா நூத்துக்கு நூறு! பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி அசையலை. இந்த மாசச் சிறந்த மாணவன் பரிசு அவனுக்குத்தான்.

– என் வகுப்புல அசையாத பிள்ளையா? யாருங்க அது?

– எண் முப்பத்தொண்ணு.

– எனக்கு முப்பது பேர்தானே சார்.

– மறுபடி எண்ணிப் பாருங்க. இயந்திரம் பொய் சொல்லாது. அவன் ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்கான்.

– பூட்டின வகுப்புக்கா?

– ஆர்வம் டீச்சர், ஆர்வம்! முகபாவம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. 'லேசான கண்டிப்பு, ஆழ்ந்த கவனம்.' பெத்தவங்களுக்குத் தினமும் செய்தி தானாப் போயிடும்.

– இவனைப் பெத்தவங்க யாருன்னு போட்டிருக்கு?

– நம்பர் பதிவாகலை. அதனால பள்ளிக்கூட நம்பருக்கு வருது, அதாவது எனக்கு. 'உங்கள் பிள்ளை இன்றும் நன்றாகக் கவனித்தான்.' சாயங்காலம் அதைப் படிச்சா மனசுக்கு இதமாத்தான் இருக்கு.

– அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பெருசாக்குங்க சார்.

– பெருசாக்கவா? கம்பெனிக்காரர் பிரிண்ட் எடுக்க மட்டும்தானே சொல்லிக் கொடுத்தார்.

– புள்ளி மேல விரலை வச்சு விரிங்க. அஞ்சு விரலும் வேண்டாம் சார், ரெண்டு போதும். ஆங், முகம் தெரியுதா?

– தெரியுது. கண்ணாடி போட்டிருக்கான். மீசை வேற நரைச்சு... இந்த வயசுல எந்தப் பையனுக்கு டீச்சர்...

– பையன் இல்லைங்க சார். கேமரா வந்த அன்னிக்கு, பள்ளிக்கூடத்தைக் கட்டினவர் வீடியோவுல தெரியணும்னு பின்சுவர்ல ஒரு படம் மாட்டச் சொன்னீங்களே.

– அப்பா.

– ஆமாங்க சார். பரிசுக்கு அவரை மேடைக்குக் கூப்பிடறதா, இல்ல பரிசைச் சுவத்துலயே மாட்டிடறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வகுப்புக்கு நாலு படம் மாட்டினா மொத்தப் பள்ளிக்கூடமும் பச்சையாயிடும், பிள்ளைங்களே வேண்டாம். என்ன சார், படத்தை இன்னும் பெருசாக்கிக்கிட்டே போறீங்க? நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனா?

– கையில பேப்பர் இல்லை டீச்சர்.

– என்னது சார்?

– அப்பா கையில. பேப்பர் இல்லாம நேராப் பார்க்கிறார். வருஷம் பூரா, உங்களை.

– படம்தானே சார். யார் நின்னாலும் பார்க்கும்.

– யார் நின்னாலுமா?

– வரலாறு சார் நின்னாக்கூட.

– வீடியோ வேண்டாம் டீச்சர். திங்கள்கிழமை நீங்களே நடத்துங்க, எப்பவும்போல. நாளைக்கு மட்டும் ஒரு பீரியட் எனக்கு விடுவீங்களா?

– தாராளமா. என்ன பாடம் சார்?

– பாடமெல்லாம் எனக்கு எங்க வரும்? நீங்க பிள்ளைங்களை நிழல் பார்க்க வெளியே கூட்டிட்டுப் போயிடுங்க. கேமரா மட்டும் ஓடட்டும். நான் பேசும்போது பச்சை எரியுதான்னு பார்க்கணும்.