எனக்கு உறவில்லாத இரண்டு ஜாமீன்தாரர்கள் குறித்து

சாட்சி எண் 3. பெண். வயது 44. தொழில் திரைச்சீலைத் தையல். பெயரும் விலாசமும் சாட்சியின் வேண்டுகோளின்படி தனித்தாளில் எழுதி உறையிடப்பட்டுள்ளன. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் பெயரில் உள்ள ஓர் அறை வீட்டில் குடியிருந்து வருகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான். அவன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக்காக வேலை செய்து வந்தான்.

சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து அறுந்து விழுந்ததில், உள்ளே இருந்த நர்ஸுக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன. அந்த ஆஸ்பத்திரித் திரைச்சீலைகள் நான் தைத்தவை. அளவெடுக்கப் போன நாளில் எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த நர்ஸ்தான். அன்று மதியம் நான் தைக்கும் கடைக்கு ஒரு காவலர் வந்து, அந்த லிஃப்ட்டைப் பராமரிக்க வேண்டியவன் என்று தம்பியைக் கைது செய்திருப்பதாகத் தெரிவித்தார். நான் தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலிருந்து எடுக்காமலேயே புறப்பட்டேன்.

மறுநாள் தம்பியைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்தார்கள். கம்பெனி வைத்த வக்கீல் மனுப் போட்டதில் வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. அதைக் கேட்டதும் தம்பி அப்போதே வெளியே வந்துவிடுவான் என்று நினைத்து கோர்ட் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். அதன் பிறகு கோர்ட் ஊழியர் ஒருவர், சொத்து உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள் என்று சொன்னார். கம்பெனி வக்கீலுக்குப் போன் செய்தேன். "ஜாமீன் வாங்கிக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பின் எடுக்கவில்லை.

அப்போது கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நின்ற ஒருவர் தானாக வந்து பேசினார். அவரை அங்கே எல்லோரும் 'ஃபைலு' என்று கூப்பிட்டார்கள். இன்று நீங்கள் காட்டிய ஆறு புகைப்படங்களில் நான்காவதில் இருப்பவர் அவர்தான்.

"அக்கா, ஆள் ரெடி, வீட்டு வரி ரசீது ரெடி. நீங்க சொந்தக்காரங்கன்னு ஒரு கையெழுத்து போட்டாப் போதும்" என்றார்.

நானே ஜாமீன் நிற்கக் கூடாதா, எனக்கும் வீடு இருக்கிறதே என்று கேட்டேன். "பொம்பளைங்க கையெழுத்தெல்லாம் ஜட்ஜய்யா ஏத்துக்க மாட்டாருக்கா" என்றார். நான் நம்பினேன். அதன் பிறகு அவர் கேட்ட தொகையைக் கொடுத்தேன். அவர் நீட்டிய தாளில், முன்பின் பார்த்திராத ஒருவரை என் தாய்மாமா என்றும், இன்னொருவரைச் சித்தப்பா மகன் என்றும், இருவரையும் பிறந்ததிலிருந்து தெரியும் என்றும் எழுதியிருந்தது. அவசரத்தில் படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை ஜெயிலுக்கு மனுப் போட்டுத் தம்பியைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர் நின்று கத்திப் பேசுகிற இடம் அது. திங்கட்கிழமை வந்துவிடலாம், தாய்மாமா ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று கத்தினேன். நமக்கு ஏது தாய்மாமா என்று கேட்டான். விவரத்தைச் சொன்னதும் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நான் கேட்டேன். "அந்த லிஃப்ட்ட நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலக்கா. அன்னிக்கு ஏழு கட்டடம் குடுத்திருந்தாங்க. பாத்ததாக் கையெழுத்து மட்டும் போட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள வந்திருக்கேன். இன்னொரு பொய்க் கையெழுத்துல வெளிய வர வேணாம்."

சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வக்கீலம்மா காலையில் ஜெயிலுக்கு வந்ததாகவும், கட்டணம் வாங்குவதில்லை என்றும், கோர்ட்டின் பின்பக்கம் அவர்கள் அறை இருப்பதாகவும் சொன்னான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே போனேன். பழைய கோப்பு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள் பெயர்ப் பலகையை மறைத்திருந்தன. அதைத் தாண்டித்தான் நான் நான்கு நாளாக நடந்திருக்கிறேன். நான் கையெழுத்திட்ட தாளுக்கு ஃபைலு கொடுத்திருந்த நகலை வக்கீலம்மா வாங்கிப் படித்தார்.

"இந்த உங்க தாய்மாமா போன மாசம் வேற ஒருத்தருக்கு மாமனாரா இருந்தாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெண் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார். இந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகும் முன் திரும்ப வாங்க வேண்டும் என்றும், ஆனால் இரண்டு ஜாமீன் என்பதை ஒன்றாகக் குறைக்க மனுப் போட வேண்டியிருப்பதால் தம்பி மேலும் சில நாள் உள்ளே இருக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

நான் கேட்டேன். "அவன் தப்பு பண்ணது எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சே நான் எப்படி அவனுக்கு நிக்கிறது? அந்தப் பொண்ணு கால் ஒடிஞ்சு கெடக்குது."

"அவர் தப்பே பண்ணலைன்னு நீங்க சொல்லப் போறதில்ல. அத வழக்கு முடிவு பண்ணும். கூப்பிட்ட தேதிக்கு அவர் வருவாருன்னு சொல்றீங்க. வரலைன்னா பத்திரத்துல எழுதுன தொகைக்கு நீங்க பொறுப்பு, வீட்டுக்கே ஜப்தி வரலாம். அவ்வளவுதான் ஜாமீன். வருவாரா மாட்டாரா, அத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு உள்ளே போய், வருவான் என்று சொன்னேன்.

அதன் பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கையெழுத்திட்ட தாளைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலு என்பவர், "தம்பி உள்ளயே கெடக்கட்டும்னா சரி, போங்க" என்றார். தாளைத் தரவில்லை. வக்கீலம்மா சொன்னபடி, அது பொய்யானது, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று என் கைப்பட எழுதி அன்றே கோர்ட் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெற்றேன். முத்திரையிட்ட அந்தக் கடித நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

தம்பி மேலும் பத்து நாள் உள்ளே இருந்தான். அந்தப் பத்து நாளும் நான் கடைக்குப் போனேன், ஆனால் ஒரு திரைச்சீலைகூட முழுதாகத் தைக்கவில்லை.

மனு ஏற்கப்பட்ட அன்று மாஜிஸ்திரேட் அய்யா என் வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு, "இவர் வரலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். சட்ட உதவி வக்கீலம்மா சொன்னார் என்றேன். அதன் பிறகு பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.

தம்பி வெளியே வந்த நாள் முதல் ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்திட்டு வருகிறான்.

முதல் வாய்தா சென்ற புதன்கிழமை. நாங்கள் எட்டரை மணிக்கே போய்விட்டோம். நர்ஸைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து எங்களுக்கு நேர் எதிரில் நிறுத்தினார்கள். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, அந்த நாற்காலியைக் கடந்து நடந்து போய்க் கூண்டில் நின்று, "வந்திருக்கேங்கய்யா" என்றான்.

பொய்யான தாளில் கையெழுத்திட்டதற்காக என் மீதும் வழக்கு வரலாம் என்பதை இன்று விசாரணை அதிகாரி எனக்கு முன்கூட்டியே தெரிவித்தார். வக்கீலம்மாவிடம் கேட்டுவிட்டே, தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். நான் அறிந்த வரையில் இதில் உள்ள யாவும் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி எண் 3

என் முன்னிலையில் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தேன்.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்