டாக்டரம்மா ஓட்டின கார்

"டாக்டரம்மா பான் போடுவாங்கன்னு அந்த சேல்ஸ் பையன் சொல்லவே இல்லையே."

மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி என் எதிரில் உட்கார்ந்த ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னது இது. டெல்லியில் தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே சொன்னார்.

"பழைய காரைக் கம்பெனி ஷோரூம்ல வாங்கினா நம்பிக்கைன்னீங்க. ஒரே ஓனர், லேடி டாக்டர்னீங்க. சர்வீஸ்ல சீட் கவரைக் கழட்டினா முழுக்கச் செவப்புக் கறை."

"பேஷன்ட் யாராவது துப்பியிருப்பான்."

"டிரைவர் சீட்ல உக்காந்தா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கியாரண்டி இருக்கு."

"கியாரண்டி நம்மகிட்ட இருக்கு. கார் ஷோரூம்காரங்ககிட்ட இருக்கு."

"மெதுவாப் பேசு. உங்கப்பாகிட்ட எதையும் உளறிடாதே. ஸ்டேஷன்லேர்ந்து நம்ம கார்லதான் கூட்டிட்டு வருவேன்னு பெருசா சொல்லி வெச்சிருக்கேன்."

அப்போது அந்தப் பெண்ணின் போன் அடித்தது. மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"ரயில் வந்துடுச்சும்மா. மாப்பிள்ளை காரை எங்க நிறுத்தியிருக்கார்?"

கணவர் கும்பிடாத குறையாக மனைவியைப் பார்த்தார்.

"கார் அட்மிட் ஆயிருக்குப்பா. டாக்டரம்மா ஓட்டினது இல்லையா, வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க. மாப்பிள்ளை மெட்ரோவுல வராரு."