அறுநூத்துப் பத்து கிலோமீட்டர்

— இன்னும் அந்த ஜூஸைக் குடிக்கலையா மச்சான்? ரத்தம் கொடுத்து மூணு மணி நேரமாச்சு!

— என் தங்கச்சி சேதி தெரியாம தொண்டையில எப்படி மாப்பிள்ளை இறங்கும்? டாக்டர் என்ன சொன்னார்?

— ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ரத்தப்போக்கு நின்னுருச்சு. ‘உங்க மனைவி பிழைச்சுட்டாங்க, போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க’ன்னார். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— அப்பாடா! அவ கெட்டிக்காரி. சின்ன வயசுல மாடிப்படியில உருண்டு விழுந்தும், எழுந்து நின்னு சிரிச்சவ.

— அவளோட வகை ரத்தம் எங்கயும் இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. ‘கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே வரச் சொல்லுங்க’ன்னாங்க. அவ போன்ல உங்க நம்பரைத் தேடி எடுத்து, வர்றது வரட்டும்னு கூப்பிட்டுட்டேன் மச்சான். ஏழு வருஷமாப் பேசாத ஆளு…

— அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நான்தான் பெரிய ரோஷக்காரனாட்டம் குதிச்சேன். நான் பார்த்த வரனை வேண்டாம்னுட்டு ஒரு கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கிட்டாளேன்னு. ‘நீ இருக்கிற ஊர்ப்பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்’னு சத்தியம் வேற.

— அதை விடுங்க. ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. உங்க ஊர் அறுநூத்துப் பத்து கிலோமீட்டர். பறக்குறதுக்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிஷம். ஏர்போர்ட் போக, இறங்க, இங்க வந்து சேரன்னு எல்லாம் கூட்டினா அஞ்சு மணி நேரம். டாக்டர் கொடுத்த கெடு ரெண்டே மணி நேரம். அவ்வளவுதான்னு சுவத்துல சாஞ்சுட்டேன். இருபது நிமிஷத்துல எதிர்ல வந்து நிக்கிறீங்க!

— அது… காத்து இந்தப் பக்கமா அடிச்சிச்சு. ப்ளைட் வெரசா வந்துருச்சு.

— கையில ஸ்பானரோட ப்ளைட்ல ஏத்த மாட்டாங்களே மச்சான்!

— சரி, சிரிக்காதீங்க. நான் லிப்ட் மெக்கானிக் இல்லையா? இந்த ஊருக்கு ஆள் வேணும்னு கம்பெனியில கேட்டாங்க. அடுத்தவன் வாயைத் திறக்குறதுக்குள்ள நான் கையைத் தூக்கிட்டேன். ரெண்டு வருஷமாச்சு. உங்க வீட்டிலிருந்து மூணாவது தெரு.

— மூணாவது தெருவா! ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?

— தட்டத்தான் வருவேன். வாசல் வரைக்கும் கால் வரும், மணியடிக்கக் கை வராது. ஒருநாள் அவ காய் வாங்கிட்டு எதிர்லயே வந்துட்டா. சட்டுனு குடையை விரிச்சு மறைஞ்சுக்கிட்டேன். மழையே இல்ல மாப்பிள்ளை, சுள்ளுனு வெயில்.

— நல்ல ஆளு போங்க! முன்னெல்லாம் மாசாமாசம் உங்க ஊருக்கு ப்ளைட் எத்தனை மணிக்குன்னு பார்ப்பா. பார்த்துட்டு போனை ஓரமா வச்சிருவா. இப்ப ஒண்ணு ரெண்டு வருஷமா அதுவும் இல்ல. மனசு விட்டுப் போச்சுன்னு நினைச்சேன்.

— விட்டுத்தான் போயிருக்கும். அவகிட்ட உண்மையைச் சொல்லிடாதீங்க. ப்ளைட் பிடிச்சு ஓடி வந்தான்னே இருக்கட்டும். இத்தனை பக்கத்துல இருந்துக்கிட்டு எட்டிப் பார்க்கலைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.

— சொல்லல மச்சான், கண்ணைத் துடைங்க. நர்ஸம்மா வர்றாங்க. என்னம்மா, முழிச்சுட்டாளா?

— முழிச்சுட்டாங்க சார், மெதுவாப் பேசுறாங்க. ‘எங்கண்ணன் மூணு தெரு தள்ளித்தான் இருக்கான், ரெண்டு வருஷமா அவனா வருவான்னு காத்துக்கிட்டிருக்கேன், இனிமே முடியாது, போய்க் கூட்டிட்டு வரச் சொல்லுங்க’ங்கிறாங்க.