சாமி கும்புட்டா கத்துற மெசின்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க. சாமி கும்புடுறது தூக்கமா? கந்தப்பளையில லொறி எடுத்ததுல இருந்து நீங்களும் ஜன்னலோரமா ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே வாறீங்க. முச்சந்தியில பிள்ளையார் வந்தாரு, எங்கப்பா தலைய குனிஞ்சாரு, அவரு காதுல தொங்குற மெசின் கீங்னு கத்திச்சு. அந்தா, எத்தன தடவ கத்திச்சுன்னு அந்த டப்பாவுல நம்பரும் ஏறிச்சு. அங்கிட்டு மாடசாமி... கீங். பன்சலையில இருக்கிற புத்தர தாண்டும்போது கீங். நானுஓயாவுல மாதா சொரூபம், அதுக்கும் கீங். எங்கப்பா யாரையும் விடமாட்டாரு சார். இம்புட்டு தேயிலை மூட்டைய ஏத்திக்கிட்டு இந்த வளைவுல எறங்குற மனுசன், எந்தச் சாமி எந்த வளைவுல கைகுடுக்கும்னு எப்புடித் தெரியும்? ஸ்டேரிங்க விட்டுட்டு ரெண்டு கையையும் சேக்க முடியுமா? தலையாலதான் கும்புடணும்.

நீங்க யாழ்ப்பாணம்தானே சார்? அங்க ரோடெல்லாம் தட்டையா இருக்குமாம். அங்க ட்ரைவருக்கு ஒரு சாமி போதும். இங்க பத்தாது.

யோசனை நல்ல யோசனைதான், நான் இல்லங்கல. தூங்கினா தலை தொங்கும், தொங்கினா மெசின் கத்தும், ட்ரைவர் முழிச்சுக்குவாரு. கம்பெனி லொறி ஒன்னு போன மழைக்கு பள்ளத்துல போச்சு, அதுக்கப்புறம் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து எல்லா ட்ரைவர் காதுலயும் மாட்டியாச்சு. சரி. ஆனா தூங்குற தலைக்கும் கும்புடுற தலைக்கும் அதுக்கு வித்தியாசம் தெரிய வேணாமா? பனி எறங்கினா ரோட்டுல கோடே தெரியாது சார். கண்ணாடியில மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சுதான் ஓட்டணும். அப்ப பாருங்க, விடாம கத்தும். மனுசன் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு முழிச்சிருக்கிற நேரம் அது.

இதே கம்பெனியில அழகன் மாமா இருக்காரு. அவரு லொறியில நம்பரே ஏறாது. கம்பெனி தொர கூப்புட்டு, இவனப் பாத்து எல்லாரும் படிச்சுக்கங்கன்னாராம். என்னத்தப் படிக்கிறது? அழகன் மாமா தலைய பின்னால சாச்சு, வாயத் தொறந்துக்கிட்டு தூங்குவாரு. மெசினுக்கு முன்னால சாஞ்சாத்தான் தெரியும், பின்னால சாஞ்சா அதுவும் சேந்து தூங்கும். அவரு லொறி தேயிலைச் செடிக்குள்ள ஏறி நின்னப்பகூட அது சத்தம் போடலயாம். கொழுந்து பறிச்சிக்கிட்டு இருந்த ஆளுங்கதான் சத்தம் போட்டிருக்காங்க.

இல்லப்பா, நான் பேசுவேன். சார்கிட்ட பேசாம வேற யாருகிட்ட பேசுறது?

இன்னைக்கும் எங்கப்பா நம்பர் கூடிச்சுன்னா லொறிய அழகன் மாமாகிட்ட குடுத்துட்டு, நாளையில இருந்து பேக்டரியில வெறகு பொளக்கணுமாம். நான் பொறக்க முன்ன இருந்து லொறி ஓட்டுறவரு சார். ட்ரைவர் சோலைமலை தூங்குறாரான்னு கிட்ட இருந்து பாத்துட்டு வாங்கன்னு கம்பெனியில ஒங்கள அனுப்பி இருக்காங்க. பாருங்க. நல்லா பாருங்க. அவரு கண்ணு எப்புடி இருக்கு? எனக்கே பயமா இருக்கு, இமையே கொட்டல.

நான் ஒன்னு கேக்கவா? நீங்க தலவாக்கலை வரைக்கும் இத மாட்டிக்கிட்டு வாங்களேன். முழிச்சிருக்கிற மனுசனுக்கே கத்துதா இல்லையான்னு தெரிஞ்சிரும். அப்பா, கழட்டுங்க. வயரு எட்டுது. ஆங்... காத இப்புடி காட்டுங்க சார். சரியா இருக்கு, அழகா இருக்கு.

இப்ப இது எப்புடி வேல செய்யுதுன்னு சொல்றேன். நான் ஏ.எல். பரீட்சைக்கு பிசிக்ஸ் எடுத்திருக்கேன், டியூசனுக்குத்தான் என்னைய அட்டன்ல எறக்கிவிடக் கூட்டிட்டுப் போறாரு. உள்ளுக்குள்ள ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கு சார். தலை சாய்ற கோணம் கூடினா குண்டு உருண்டு வந்து கம்பியத் தொடும். அம்புட்டுத்தான். அதுக்கு மூள கெடையாது. ரெண்டாயிரமாம் வருசம் பொறந்தா மெசினெல்லாம் மனுசன் மாதிரி யோசிக்கும்னாங்க, பொறந்து ரெண்டு மூனு வருசமாச்சு, இன்னும் குண்டுதான் உருளுது. இப்ப புவியீர்ப்புன்னு எடுத்துக்கிட்டா...

கீங். பாத்தீங்களா? நான் சொல்றத நீங்க சரின்னு தலையாட்டி ஒத்துக்கிட்டீங்க, ஒடனே கத்துது. இதத்தான் நான் சொல்றேன்.

புவியீர்ப்பு எப்பவும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். லொறி வளைவுல திரும்பும்போது பக்கவாட்டுலயும் ஒரு விசை வருது. அப்ப குண்டு மேல ரெண்டு விசை... கீங். ஆமா சார். தாங்க்ஸ் சார். வீட்டுலகூட நான் பேசினா யாரும் இப்புடித் தலையாட்டி கேக்க மாட்டாங்க. ரெண்டு விசையும் சேந்து... கீங். கீங். அம்புட்டு வேகமா ஆட்ட வேணாம் சார், மெதுவாவே ஒத்துக்கலாம்.

என்னப்பா? என்ன, திரும்பிப் பாக்கணுமா?

...சார்? செல்வரத்தினம் சார்?

ஐயோ, இவரு கொறட்ட விடுறாரு. நுவரெலியாவுல ஒரு தட்டுச் சோறு சாப்புட்டப்பவே நெனச்சேன். சார், எழும்புங்க. அந்த டப்பாவப் பாருங்க, எங்கப்பா நம்பர் எங்க போய் நிக்குதுன்னு. காது யாரு காதுன்னு அதுக்குத் தெரியுமா? மாட்டிவிட்டவ நான், பேசித் தூங்க வச்சவளும் நான். வெறகு பொளக்கப் போறது எங்கப்பா.

அப்பா, லொறிய ஓரங்கட்டுங்க. தலவாக்கலை வந்துருச்சு.

சார், இப்ப நேராப் பேசுவோம். தொரகிட்ட என்ன சொல்லப் போறீங்க? இது அம்புட்டும் சோலைமலை தூங்கினதுன்னா, நானும் அங்க வருவேன், வந்து வாயத் தொறப்பேன். நீங்க தூங்கினதுன்னு சொன்னா ஒங்களுக்குக் கஸ்டம். அதனால... என்ன? மெசின் பழுதுன்னு சொல்லிருவீங்களா? கழட்டி ஒங்க பையிலயே கொண்டு போயிருவீங்களா?

பழுதா? அது எப்புடி சார் பழுது? நீங்க தூங்கித் தூங்கி விழுந்தத ஒன்னு விடாம புடிச்சிச்சே. அப்புடிப் பாத்தா இன்னைக்குத்தான் அது சரியா...

ஏம்ப்பா கிள்ளுறீங்க?

ஓ.

சரி சார். பழுது. சுத்தப் பழுது. நான் பேசல.

...டப்பாவ கழட்டியாச்சா? பையில போட்டாச்சா? ஜிப்பும் இழுத்தாச்சு. அப்ப இனிச் சொல்லலாம். சார், அது பழுதே இல்ல, ஏன்னா அந்தக் குண்டு... சார்? எங்க ஓடுறீங்க? சார், அது அட்டன் பஸ். நாங்களும் அட்டனுக்குத்தான் போறோம்...