அழுத்தாத கை

மல்யுத்த மேடையில் மீன் தலை முகமூடியை மாட்டிக்கொண்டு சண்டை போடுவது, பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை, மிஹோ. மூச்சு கொஞ்சம் திணறும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க வழியில்லை. அவ்வளவுதான். பின்னந்தலையில் நாடாவை இறுக்கிக் கட்டிவிட மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆளாக இருந்தவன் உன் அப்பா கெங்கோ.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. விருந்தின் முடிவில் உன் அப்பா பேசப்போவதை நேற்று அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவன் கைகளால்தான் எழுத முடியாதே. அந்தப் பேச்சில் என்னைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேடையில் என்னை நீ ஃபுகுமாரு என்ற அந்த மீனாக மட்டுமே அறிவாய். அதற்கு முன்னால் பதினோரு ஆளாக இருந்திருக்கிறேன். முதலில் மங்கோலிய இளவரசன். நான் ஊபேயில் சிமெண்ட் தூசியில் வளர்ந்தவன், குதிரையைத் தொட்டதுகூடக் கிடையாது. பிறகு வெள்ளைக் கோட்டுடன் குறடு தூக்கி வரும் பல் டாக்டர். பிறகு வரி அதிகாரி. மசுதா ஊரில் ஜனங்கள் என்மேல் எறிந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கி வந்து பஸ்ஸில் எல்லோருமாகத் தின்றோம். ஒரு வருஷம் இரட்டைச் சகோதரர்களில் தம்பியாக இருந்தேன். அண்ணனாக நடித்தவன் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டான். நான்கு மாதம் நான் மட்டும் தனியாக இரட்டையனாக வந்துகொண்டிருந்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஃபுகுமாரு அப்படியில்லை. அவனை நான் செய்தேன். ஷிமோனோசெகி மீன்சந்தையில் ஒரு பேத்தை மீன் கோபத்தில் உப்பியதைப் பார்த்துவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டி முகமூடியின் கன்னங்களுக்குள் ஒட்டி, வாயில் ஒரு குழாய் வைத்தேன். ஊதினால் தலை பூசணிக்காய் அளவுக்கு உப்பும். அதைப் பார்த்துக் குழந்தைகள் பைத்தியமானார்கள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக, நான் போகும்போது ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அந்தச் சுகத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஐந்து வருஷம் போயிற்று. எங்கள் தொழிலில் முகமூடி அதைப் போட்டிருப்பவனுக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் ஆளை மாற்றினால் ஊருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். அந்த வசந்தத்தில் எங்கள் தலைவர் நகுமோ என்னைக் கூப்பிட்டார்.

“முனகாத்தா, உனக்கு வயசு நாப்பத்தொண்ணு. மீனுன்னா துள்ளணும்யா. நீ துள்ளுனா ரிங்குதான் துள்ளுது. அடுத்த மாசத்துலேருந்து கெங்கோ போட்டுக்கட்டும். உனக்கு வேற ஏதாவது யோசிப்போம். கணக்கு வாத்தியார் எப்படி?”

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சொன்னதில் தப்பும் இல்லை. உன் அப்பாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கயிற்றின் மேலிருந்து பல்டி அடித்து, பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்குவான்.

பதினோரு நாள் கழித்து நகாத்தோவில், துறைமுகத்தை ஒட்டிய விளையாட்டரங்கில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கும் அவனுக்கும் போட்டி. நீ முதல் வரிசையில் அம்மா மடியில் இருந்தாய். ஐந்து வயது. கையில் காகிதத்தில் வெட்டிய பேத்தை மீன். உன் அப்பா முகமூடி இல்லாமல், அவனாகவே வந்தான். நீயோ அவனை விட்டுவிட்டு ‘ஃபுகுமாரு, ஃபுகுமாரு’ என்று கத்தினாய். அவன் உன்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துச் செத்துப்போகிற மாதிரி நடித்தான். அரங்கமே சிரித்தது.

ஒன்பதாவது நிமிஷம். அவன் மேல்கயிற்றில் ஏறினான். யாருடைய வியர்வையோ, கால் வழுக்கியது. பின்னந்தலையும் தோளும் முதலில் தரையில் பட்டன. அது விபத்து. அதில் என் பங்கு எதுவும் இல்லை. பிற்பாடு எல்லோரிடமும் அதைச் சொன்னேன், அது உண்மையும்கூட.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் தாறுமாறாக விழுந்துவிட்டால், மற்றவன் அவனை அமுக்கிப் பிடிப்பதுபோல் மேலே படுத்து, யாருக்கும் தெரியாமல் அவன் கையை ஒருமுறை அழுத்துவான். விழுந்தவன் திருப்பி அழுத்தினால் ‘நல்லா இருக்கேன், நடத்து’ என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் நடுவரிடம் சொல்ல வேண்டும். நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைப்பார். அதோடு நடிப்பு முடிந்தது, டாக்டர் ஓடி வர வேண்டும். நான் பதினாறு வயதில் சேர்ந்த அன்று, விழக் கற்றுக் கொடுப்பதற்கும் முன்னால், எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

நான் அவன்மேல் படுத்தேன். கையை அழுத்தினேன். பதில் இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். விரல்கள் சூடாக இருந்தன, ஆனால் என் கைக்குள் அப்படியே கிடந்தன. கண் பாதி திறந்திருந்தது.

நடுவர் தோக்கிதா குனிந்தார். எண்ணுவதுபோல் தரையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

“எப்படிப்பா இருக்கான்? நிறுத்திரவா?”

அவர் கைகள் ஏற்கெனவே தோள்வரை எழுந்துவிட்டன. கையைத் தொட்டுக்கொண்டிருப்பவன் சொல்வதுதான் அவருக்கு வேதம், அவரால் பார்க்க முடியாது இல்லையா.

“அழுத்திட்டான்ணே. போலாம்.”

அவர் கைகள் இறங்கின.

ஃபுகுமாருவின் கடைசி அடி உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் தலையணையை வைத்துச் செய்து காட்டுவாயாம். ஆளைத் தலைகீழாகத் தூக்கி, அவன் தலையை என் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பொத்தென்று உட்காருவேன். அவன் தலைக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும். ஆனால் அந்த இடைவெளியை நான் மட்டும் உண்டாக்க முடியாது. கீழே தொங்குகிறவன் கழுத்தை இறுக்கி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தூக்கும்போதும் அவனே ஒரு எம்பு எம்புவான். அதனால்தான் நூறு கிலோ ஆள் எங்களுக்குப் பத்து கிலோவாகத் தெரிவான்.

அன்று உன் அப்பா எம்பவில்லை. மழையில் நனைந்த மெத்தையைத் தூக்குவதுபோல் இருந்தது. இரண்டாவது தடவை மூச்சுப் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. ஆகவே கையை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. மேலே தூக்கியபிறகும் மெதுவாக இறக்கிவிட நேரம் இருந்தது. நான் கன்னங்களை ஊதினேன். குழந்தைகள் எழுந்து நின்றார்கள். நீயும் நின்றாய். பிறகு உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் என்னிடம்தான் முதலில் பேசினார், உன் அம்மா பேசும் நிலையில் இல்லை. முதலில் விழுந்ததில் வெறும் மயக்கம்தானாம். ஒரு வாரம் படுத்துவிட்டு எழுந்து போயிருப்பானாம். கழுத்து போனது இரண்டாவதில். உன் அம்மாவிடம் நான் சொன்னபோது, எதில் என்று தெரியவில்லையாம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று பட்டது.

முகமூடி கைவிட்டுப் போகிற வயிற்றெரிச்சலில் செய்துவிட்டேன் என்று நீ நினைப்பாய். இத்தனை நேரம் நான் எழுதியதும் அப்படி நினைக்க வைக்கத்தான். ஒன்றை விட்டுவிட்டேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் உடை மாற்றும் அறையில், வழக்கம்போல் அவன் எனக்கு நாடா கட்டினான்.

“அண்ணே, இறுக்குதா?”

“சரியா இருக்கு.”

“நேத்து தலைவர்கிட்டப் பேசிட்டேன்ணே. எனக்கு இந்த மூஞ்சி வேணாம்னு சொல்லிட்டேன். அண்ணன் ஓய்வு எடுக்கிற வரைக்கும் அது அண்ணனோடதுதான்னு சொன்னேன். முனகிட்டே சரின்னுட்டாரு.”

“ஏன்டா?”

“என்னண்ணே கேள்வி இது. என் பொண்ணு என்னைக் கொன்னு போட்டுருவா. இன்னும் எவ்வளவு நாளு, ஒரு ரெண்டு வருஷம் ஆடுவீங்களா? அதுவரைக்கும் ஜாலியா இருங்கண்ணே.”

பிறகு என் தலையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தான். நான் அவனைவிடப் பதின்மூன்று வயது பெரியவன். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல மனதோடுதான் தட்டினான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே வெட்டி ஒட்டிய முகத்தை அவன் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தான். இனி அதை மாட்டும் ஒவ்வொரு நாளும் நான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவன் கை என் கைக்குள் அசையாமல் கிடந்தபோது, நான் முதலில் நினைத்தது, இனிமேல் நன்றி சொல்ல வேண்டியதில்லை என்பதுதான்.

ஃபுகுமாருவாக இன்னும் ஆறு வருஷம் ஆடினேன். ரெண்டு இல்லை, ஆறு.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்து அவனுக்குப் பேச வந்தது. போட்டியன்று காலை சாப்பிட்ட ஊடோன் நூடுல்ஸுக்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்றான். அதன்பின் கேட்டான்.

“அண்ணே, நான் கையை அழுத்துனேனா?”

“அழுத்துன. நல்லா இறுக்கமாவே அழுத்துன.”

அவன் அழுதான். கண்ணைத் துடைக்க அவனால் முடியவில்லை, நான்தான் துடைத்தேன்.

“அப்ப என் தப்புதாண்ணே. மிஹோ பாத்துட்டு இருந்தா இல்ல, வலிச்சிருந்தாலும் அழுத்தியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆளுதான். உங்களை இதுல மாட்டி விட்டுட்டேனே. மன்னிச்சுருங்கண்ணே.”

விடுடா என்றேன். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக வியாழக்கிழமைதோறும் வருகிறேன். சவரம் செய்கிறேன், குளிப்பாட்ட உதவுகிறேன், மல்யுத்தப் பத்திரிகையைப் படித்துக் காட்டுகிறேன். உன் அம்மா எனக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறாள். அக்கம்பக்கத்தில் என்னை மாதிரி ஒரு நண்பன் கிடைக்காது என்கிறார்கள். தோக்கிதா சாகிறவரை, ‘அன்னைக்கு நான் நிறுத்தியிருக்கணும்’ என்று தன்னையே நொந்து புலம்பிக்கொண்டிருந்தார். உங்க மேல தப்பில்லண்ணே என்று அவரையும் நான்தான் தேற்றினேன். எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. குற்றவுணர்ச்சி இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

நேற்று எழுதிய பகுதி இது. ‘நான் தவறாகக் கொடுத்த சைகையால், என் அண்ணன் முனகாத்தா தன்மேல் இல்லாத ஒரு பாவத்தைப் பத்தொன்பது வருடம் சுமந்தார். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் பேனாவை நிறுத்தினேன்.

“தவறாங்கிற வார்த்தை வேணாம் கெங்கோ. கல்யாணத்துல உன்னை நீயே குறை சொல்லிக்காதே. அவசரப்பட்டுக் கொடுத்த சைகைன்னு போடுவோம்.”

“அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்” என்றான்.

கிளம்பும்போது அவன் கையை எடுத்து ஒருமுறை அழுத்தினேன். எல்லா வியாழக்கிழமையும் அழுத்துவேன். பதில் வராது. சிறிது நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் போட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபின் யோசித்தால், கல்யாண நேரத்தில் உன் மனதை நோகடிப்பது சரியாகப் படவில்லை. விருந்து முடிந்த மறுநாள் போடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் அப்பா பேசி முடித்திருப்பான்.

எனக்கு முன்வரிசையில் இடம் போடச் சொல்லியிருக்கிறான். அவன் மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள், நான் எழுந்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். நிறைய யோசித்துப் பார்த்தேன். நீளமாக எதுவும் வேண்டாம். ‘விடு கெங்கோ, நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன்’ என்று மட்டும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.