பம்மாண்டிக்குப் பெயர் வைத்த பெரியக்காவுக்கு

வலிக்குப் பெயர் வைத்து அதை வாலாட்டாமல் உட்கார வைத்தவரே! அழுத பிள்ளை சிரிக்க, அகராதியில் இல்லாத சொற்களை அள்ளித் தந்தவரே! குழந்தைகள் எலும்பு முறிவு வார்டின் தலைமைச் செவிலியே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பெரியக்காவே! வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வார்டில் நீங்கள் மருந்து கொடுத்தீர்கள், மாவுக்கட்டுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தீர்கள், மிரண்டு நின்ற பெற்றோருக்கு மனத்தெம்பு கொடுத்தீர்கள். அவற்றை எந்த நல்ல செவிலியும் கொடுப்பார். நீங்கள் கொடுத்த சொற்களை வேறு யார் கொடுப்பார்? ஊசிக்கு 'டொய்ங்கான்' என்று பெயர்: வருவான், ஒரே டொய்ங், போய்விடுவான். மாவுக்கட்டுக்குள் கை எட்டாத இடத்தில் அரிப்பவள் 'சுரண்டாமணி'. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்தப் பக்கமே வராத டாக்டர் 'நழுவாண்டி'. அந்தப் பெயர் காதில் விழுந்த பெரிய டாக்டர், "இன்னைக்கு நழுவலடா, கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கேன்!" என்று கட்டில் கட்டிலாகப் பேனாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனாரே!

எல்லோரிலும் பொல்லாதவன் 'பம்மாண்டி'. இல்லாததுபோல் பம்மிக் கிடந்து, பெரியவர்கள் நகர்ந்ததும் கடிக்கிற வலி அவன். ஒரு சட்டமும் போட்டீர்கள்: சொல்லை உண்டாக்கியவரே அதற்கு முதலாளி, பொருள் வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். அதனால் படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு சொல் செய்து முதலாளி ஆனார்கள்.

சென்ற மழைக்காலத்தில் நீங்கள் விடுப்பில் இருந்த ஒரு பிற்பகலை இங்கே சொல்லியாக வேண்டும். ஜன்னலோரக் கட்டிலில் முழங்கை முறிந்த சிறுமி ஒருத்தி. காலையில்தான் கட்டுப் போட்டிருந்தார்கள். டியூட்டியில் இருந்தவள் எங்களில் இளையவள். எதையும் இரண்டு முறை சரிபார்த்தும் நிம்மதி வராதவள். உங்கள் சொற்களை விளையாட்டு என்று எண்ணி, அதுவரை ஒன்றையும் வாயில் எடுக்காதவள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

"அதான் இல்லங்கிறாளே, விடும்மா. கொஞ்சம் தூங்கட்டும்," என்றார் சிறுமியின் அம்மா.

விரல்கள் சற்றே உப்பியிருந்தன. கட்டுப் போட்ட கையில் அது சகஜம்தான். இளையவள் இரண்டடி நகர்ந்தாள், மனம் கேட்கவில்லை. திரும்பி வந்து, நீங்கள் குனிவதுபோல் குனிந்து, கூச்சத்தோடு கேட்டாள்: "பம்மாண்டி இருக்கானா?"

சிறுமி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "சொன்னா டொய்ங்கான் வருவானா?"

"வந்தா நானும் கூடவே இருப்பேன்."

"உள்ளதான் இருக்கான். பெருசாகிட்டே இருக்கான். விரலெல்லாம் மரத்துப்போச்சு."

இளையவள் ஓடினாள். டாக்டர் ஓடிவந்து, கையை இறுக்கிக்கொண்டிருந்த கட்டைப் பிளந்தார். இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் கை எதற்கும் உதவாமல் போயிருக்கும் என்றார்.

பெரியக்கா! வலிக்கிறதா என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்ட பிள்ளை, நீங்கள் விளையாட்டாகச் செய்த சொல்லுக்கு வாயைத் திறந்தாள். நீங்கள் அங்கே இல்லை. உங்கள் சொல் இருந்தது! நினைக்கும்போது இன்றும் எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது. அன்றிலிருந்து இளையவள் ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டு கேள்வி கேட்கிறாள். நீங்கள் போன பிறகும் கேட்பாள்.

சுரண்டாமணியின் தொல்லையும் பம்மாண்டியின் நிழலும் அண்டாமல், நல்ல உடம்போடும் நிறைந்த மனத்தோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். என்றாவது டாக்டரைப் பார்க்கப் போனால், அவர் நழுவாண்டியாக இல்லாதிருக்க வேண்டும்!

இந்த மடலை எழுதியது நாங்கள். அடியில் பச்சை மையில் கொஞ்சம் கோணலாக நிற்கும் சொல்லை மட்டும் அந்தச் சிறுமி, அதே கையால் எழுதினாள்: 'போகாக்கா'. பொருள் கேட்டோம், சொல்ல மறுத்துவிட்டாள். சட்டம் நீங்கள் போட்டது. சொல்லின் முதலாளி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மேடையை விட்டு இறங்கி வந்து நீங்களே கேளுங்கள்.

என்றும் உங்கள் சொல்லைப் பேசும்,
குழந்தைகள் எலும்பு முறிவு வார்டின் செவிலியர், உதவியாளர்கள்,
மற்றும் இன்று நழுவாமல் வந்திருக்கும் நழுவாண்டி