கை நனைக்காத தானம்

எலையை மடிக்காதீங்கண்ணே. போட்ட சோறு போட்டபடியே இருக்கு. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் எந்திரிங்க.

பசியில்லையா? அன்னவாசல்லேருந்து மாட்டுவண்டியில குலுங்கிக்கிட்டு வந்தவருக்குப் பசியில்லையாம்! இந்தா எதிர்வரிசையில ஒக்காந்திருக்குதுகளே, இந்த இல்லத்துப் புள்ளைக, அதுககிட்டச் சொல்லுங்க. விருந்தாளி கை வைக்காம சோத்தைத் தொடக்கூடாதுன்னு ஒங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்குதுக. அப்பன் ஆத்தா இல்லாததுக. அதுக்காகப் பசியுமா இல்லாமப் போயிரும்?

ஐயையோ, கெணறு குடுக்க வந்த மனுசனை நான் மெரட்டுவனா? ஒங்க தாராளத்தைக் கொறை சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். இந்த இல்லத்தை ஒட்டியே ஒங்க கெணத்து நெலம் கெடக்கு. பொட்டப்புள்ளைக அங்கிட்டுக் கம்மாய் வரைக்கும் போயி கொடம் சொமக்குதுக. கம்மாயும் வத்திருச்சு. நீங்க குடுக்கலைன்னா இல்லத்தை மூடிட்டு இதுகளைத் திக்குக்கு ஒண்ணா அனுப்ப வேண்டியதுதான். 

சாப்பிட்டாத்தான் வாங்குவோம்ங்கிறது நான் போட்ட விதியா? நம்ம தர்ம சபை விதின்னு சொல்லுங்க. நீங்களும்தானே கை தூக்குனீங்க? சமஸ்தானம் இருந்த வரைக்கும் எதுன்னாலும் அரமனைக்கு ஒரு மனுவைப் போட்டோம். அது திருச்சி ஜில்லாவோட சேந்துபோச்சு. குடுக்குற மனசும் ஊர்ல இருக்கு, வாங்க வேண்டிய எடமும் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு மொகந்தெரியலைன்னுதானே கடைத்தெருவுல கூடி சபை வச்சோம். மொதமொதல்ல திருவரங்குளத்துப் பக்கம் ஒருத்தர் பள்ளிக்கொடத்துக்கு எடம் குடுத்தாரு. அங்கிட்டு எட்டிக்கூடப் பாக்கலை. எவனோ கோள் மூட்டுனான், மறு வருசமே வேலி போட்டு அடைச்சிட்டாரு. புள்ளைக வெயில்ல நின்னுச்சுக. அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான் இது. குடுக்குறவுங்க வாங்குற எடத்துல மொதல்ல கை நனைக்கணும். சாப்பிட்ட வீட்டுல யாரும் வேலி போட மாட்டாங்கல்ல.

என்னது, வாழைப்பழமா? நல்லாருக்கே! சம்பந்தி வீட்டுக்குப் போயி ஒரு பழத்தை உரிச்சுத் தின்னுட்டு, கை நனைச்சாச்சுன்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க பாப்பம்.

மெதுவாப் பேசுங்க, அடுப்படிக்குக் கேக்குது. சமைக்கிறவ என்ன சாதின்னு இப்பக் கேக்குறீங்களே, இது நாயமா? ஆத்மநாதன் அண்ணன் அப்பேர்ப்பட்ட ஆளில்லைன்னு சபையில மார்தட்டுனேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். ஆமா, கோவந்தான். நான் இரும்புக்கடைக்காரன், எனக்கு நயமாப் பேச வராது. ஒருத்தருக்குச் சாதியைச் சொன்னா நாளைக்கு எல்லாரும் வாசல்ல நின்னு கேப்பாங்க. சொல்ல மாட்டேன்.

எந்திரிச்சிட்டீங்களா? துண்டையும் ஒதறித் தோள்ல போட்டாச்சா? போங்க. கெணத்தையும் தூக்கிக்கிட்டுப் போங்க.

இருங்கண்ணே. நில்லுங்க. கோவத்துல சொல்லிட்டேன். சொல்லிடுறேன். சொல்லக் கூடாதுன்னு அந்தப் பொம்பளை என் கையைப் புடிச்சுக் கெஞ்சுச்சு. என் வாக்கு எக்கேடு கெட்டாலும் போகட்டும், இந்தப் புள்ளைகளுக்குத் தண்ணி வேணும்.

வேத்துச் சாதிக்காரனைக் கட்டிக்கிட்டு கொழும்புக்குப் போனது. அங்கயே புருசன் செத்துப்போயி, கட்டுன சேலையோட கப்பலேறி வந்துச்சு. பொறந்த வீட்டுத் தெருமொனை வரைக்கும் போயிட்டு, வாசல்ல நிக்கப் பயந்துக்கிட்டுத் திரும்பிருச்சு. என் கடை முன்னாடி மயங்கிக் கெடந்ததைப் பாத்துட்டு சபைதான் இங்க கூட்டியாந்து விட்டுச்சு.

சாதி கேட்டீங்கள்ல? ஒங்க சாதிதாண்ணே. ஒங்க வீட்டுல தலைமுழுகுனீங்களே, ஒங்க கூடப்பொறந்த செவந்தி. நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதும், தெரியாமயாவது அண்ணன் என் கையால ஒருவாய் சாப்பிடட்டும்னு சொல்லிட்டு, விடியக்காலையிலேருந்து வேற யாரையும் அடுப்புகிட்ட விடலை. அந்தக் கதவுக்கு அங்கிட்டுத்தான் நிக்குது.

ஒக்காருங்கண்ணே. புள்ளைகளுக்குப் பசிக்குது.